அட்மிஷன் ஷீட்டில் ஒன்று, படுக்கையில் வேறொன்று: வார்டு நர்ஸ்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆறு நாளாகக் காய்ச்சல். டெங்கு நெகட்டிவ், வைடாலும் (டைபாய்டு சோதனை) நெகட்டிவ். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது. "எஸ்கார் இருக்கா பாருங்க சிஸ்டர்" என்கிறார் டாக்டர். எங்கே தேடுவது அக்கா?

துணி மறைக்கிற இடத்தில். எஸ்கார் என்பது உண்ணி கடித்த இடத்தில் வரும் பொருக்குப் புண். ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக்காய்ச்சலைப் பரப்பும் நுண்ணிய உண்ணியின் (மைட்) குஞ்சு, துணி இறுக்கும் இடத்திலும் மடிப்பிலும்தான் கடிக்கும். அக்குள், மார்பகத்தின் அடி, பாவாடை நாடா கட்டும் கோடு, அரைஞாண் கயிற்றின் கீழ், தொடை இடுக்கு, விதைப்பை, பிட்டத்தின் நடுமடிப்பு, தொப்புள், காதின் பின்புறம், தலைமுடிக்குள். ஸ்கிரீன் போட்டு, நல்ல வெளிச்சத்தில், நோயாளியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். "எங்கேயாவது புண் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்தால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அது வலிக்காது, அரிக்காது, அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது.

பார்வைக்கு பீடிச்சூடு பட்டது போல: நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். ஈரமான மடிப்பில் பொருக்கு உதிர்ந்து, வெளிறிய ஆழமில்லாத குழி மட்டும் மிஞ்சும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நெறி கட்டியிருந்தால், அதற்கு நிணநீர் வடியும் பகுதியை இன்னொரு முறை பாருங்கள். எஸ்கார் இல்லாததால் ஸ்க்ரப் டைபஸ் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கான ரத்தப் பரிசோதனையான ஐஜிஎம் எலைசா முதல் ஐந்தாறு நாளில் நெகட்டிவாக வரலாம்.

டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை எழுதினால், முழு டம்ளர் தண்ணீரோடு கொடுத்து அரைமணி நேரம் உட்கார வையுங்கள். படுத்தபடி விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும். ஜெலுசில், இரும்பு மாத்திரை, பால் எதுவும் கூடவே வேண்டாம். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். மூச்சுத்திணறல், பிரஷர் இறக்கம் என்று தீவிரமானவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பதே ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2023இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. பொதுவாக 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியும். தணியாவிட்டால் வேறு காரணமும் தேட வேண்டும்.

விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றுவலி, வாந்தி என்று வருகிறார்கள். பான்டாப் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) போட்டுப் படுக்க வைக்கிறோம். ஆறு மணிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை என்கிறார்கள்.

முதல் கேள்வி: "ராத்திரி தரையிலா படுத்தீங்க?" கட்டுவிரியன் பாம்பு தூங்குகிறவரைக் கடிக்கும். வலி, வீக்கம் இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை நார்மல் என்பதால் பாம்பு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அது ரத்தத்தைத் தாக்கும் விஷத்துக்கான சோதனை, இது நரம்பைத் தாக்கும் விஷம்.

படுக்கையருகே நான்கு சோதனை. மேலே பார்க்கச் சொல்லுங்கள், இமை சரிகிறதா? தலையணையிலிருந்து தலையைத் தூக்கி நிறுத்த முடிகிறதா? எச்சில் வாயில் தேங்குகிறதா? ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது? 20க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. இதை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தோடு எழுதுங்கள். சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் அளவு) 98 காட்டுகிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். அது கடைசியில்தான் விழும், விழும்போது சட்டென்று விழும்.

வாய்வழி எதுவும் கூடாது. சக்‌ஷன், ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), மூச்சுக்குழாய்க்குள் போடும் டியூப் தயாராக இருக்கட்டும். பெரியவருக்கானாலும் குழந்தைக்கானாலும் விஷமுறிவு மருந்தின் முதல் தவணை 10 குப்பிதான், எடை பார்ப்பதில்லை. ஒவ்வாமை வந்தால் போட, தொடங்கும் முன்பே அட்ரினலினை எடுத்து வையுங்கள். பெரியவருக்கு 0.5 மி.கி., தசையில். நல்லபாம்புக் கடிக்குக் கைகொடுக்கும் நியோஸ்டிக்மின் இங்கே பெரும்பாலும் பலிக்காது. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சிதைக்கிறது. அந்த முனை மீண்டும் வளரும்வரை வென்டிலேட்டர்தான் துணை.

அப்படி வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் கண்மணி விரிந்து, டார்ச்சுக்கு அசையவில்லை. மூளைச்சாவா?

அல்ல. விஷம் கண்மணித் தசையையும் முடக்கும். அவருக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டிருக்கலாம், தலைமாட்டில் பேசுவதைப் பார்த்துப் பேசுங்கள்.

எட்டு வயதுப் பையன். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குகிறது. நெபுலைசர் வைத்தும் குறையவில்லை.

நெஞ்சில் விசில் சத்தம் இல்லாமல் மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாகப் போனால் உடனே விரல்நுனியில் சுகர் பாருங்கள். மீட்டர் "ஹை" என்றால் பெரும்பாலானவற்றில் 600க்கு மேல் என்று பொருள். அம்மாவிடம் கேளுங்கள்: ராத்திரி படுக்கையில் மறுபடி சிறுநீர் போகிறானா, சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா, சட்டை தொளதொளக்கிறதா? இது சர்க்கரை நோயின் முதல் வருகை, கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் நிலை).

இன்சுலினைச் சட்டென்று மொத்தமாக ஏற்றக்கூடாது. முதலில் சலைன். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட். அதற்குள் ரத்தப் பொட்டாசியம் அளவு தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் குழாய்ச்சுவரில் ஒட்டிக்கொள்ளும், முதல் 20 மி.லி.யை ஓடவிட்டுக் கொட்டிய பிறகே இணையுங்கள். தலைவலி, நாடி குறைவது, தூக்கக் கலக்கம்: மூன்றில் ஒன்று வந்தாலும் மூளை வீக்கமாக இருக்கலாம். டாக்டரை அழைத்துவிட்டு மானிட்டாலைக் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) கையில் எடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த டெஸ்டில் எச்ஐவி பாசிட்டிவ். எல்லோருக்கும் தெரியும்படி ஃபைலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார் இன்சார்ஜ்.

ஒட்டாதீர்கள். 2017ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. தவிர, ஒரு கிட் பாசிட்டிவ் என்பது முடிவு அல்ல. அறிகுறி இல்லாதவருக்கு மூன்று வெவ்வேறு கிட்டிலும் பாசிட்டிவ் வர வேண்டும். ஐசிடிசிக்கு (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) அனுப்புங்கள். கையுறை எல்லா நோயாளிக்கும்தான், ஸ்டிக்கர் உள்ளவருக்கு மட்டும் அல்ல. ஊசி குத்திவிட்டால் கழுவுவதற்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். பிதுக்க வேண்டாம், டெட்டால், பிளீச் வேண்டாம். தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு, 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

சமையல் வேலை செய்பவர், விரலில் அடிக்கடி தீப்புண். டிரெஸ்ஸிங் செய்யும்போது வலிக்கவே இல்லை என்கிறார். சுகரும் இல்லை.

உடம்பில் வெளிறிய திட்டு இருக்கிறதா பாருங்கள். பஞ்சை நூலாகத் திரித்து, கண்ணை மூடச் சொல்லித் திட்டின் மேல் தொடுங்கள். முழங்கையின் உட்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். சர்க்கரை நோயின் மரத்தல் இரு பாதத்திலும் சாக்ஸ் போட்டது போல ஏறும். தொழுநோய் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாக்கும். மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் கறுக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

இதையெல்லாம் சொன்னால் டியூட்டி டாக்டர் "நீங்க டயக்னோஸ் பண்ணாதீங்க" என்கிறார்.

நோயின் பெயரைச் சொன்னால் அப்படித்தான் வரும். பார்த்ததைச் சொல்லுங்கள்: "சார், 12ஆம் பெட், 4 மணிக்கு ஒரே மூச்சில் 28 வரை எண்ணினார், இப்போ 17. இமை பாதி மூடிருக்கு. தரையில படுத்திருந்தாராம். உடனே வந்து பாருங்க." எண்ணும் நேரமும் உள்ள பேச்சைத் தட்டிக்கழிப்பது கடினம். நோட்ஸிலும் "பாம்புக்கடி" என்று எழுதாமல் கண்டதை எழுதி, "டாக்டருக்கு 4.30க்குத் தெரிவிக்கப்பட்டது" என்று சேருங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் அடுத்த நிலை டாக்டரை அழைத்து, அந்த நேரத்தையும் எழுதுங்கள்.