மசோதா சட்டமாகும் வழி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அரசியலமைப்புச் சட்டம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நம் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளையும் ஒரு மசோதா எப்படிக் கடக்கிறது என்பதைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் தம்பி): அக்கா, மூன்று வாசிப்பு என்கிறார்களே, மசோதாவை மூன்று தடவை வாசிப்பார்களா?

இல்லை தம்பி, அது பழைய பெயர், அப்படியே தங்கிவிட்டது. முதல் வாசிப்பு என்பது அறிமுகம். அமைச்சர் எழுந்து அவையின் அனுமதி கேட்பார், கிடைத்ததும் தாக்கல் செய்வார், மசோதா அரசிதழில் வெளியாகும். பெரும்பாலும் விவாதமே இருக்காது.

உண்மையான வேலை இரண்டாம் வாசிப்பில்தான். முதலில் மசோதாவின் கொள்கை பற்றிப் பொது விவாதம். அப்புறம் ஷரத்து ஷரத்தாக எடுப்பார்கள். அவை நடவடிக்கையை நேரலையில் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்: 2ஆம் ஷரத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். சட்டத்தின் பெயர் இருக்கும் 1ஆம் ஷரத்து, "நாடாளுமன்றத்தால் இயற்றப்படுகிறது" என்ற வாசகம், தலைப்பு மூன்றும் கடைசியில்தான் வாக்கெடுப்புக்கு வரும். உள்ளே என்ன இருக்கப்போகிறது என்று முடிவான பிறகுதானே பெயர் வைக்க முடியும்! மூன்றாம் வாசிப்பில் முழு மசோதாவையும் ஏற்கிறோமா, இல்லையா என்பது மட்டுமே பேச்சு. இதெல்லாம் முடிந்து அடுத்த அவைக்குப் போனால், அங்கேயும் இதே மூன்று படிகள்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியர்): ஓர் அவை நிறைவேற்றியதை இன்னோர் அவை தோற்கடித்துவிட்டால் மசோதா அவ்வளவுதானா மேடம்?

அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது சார். அரசியலமைப்பின் 108ஆம் பிரிவில் கூட்டுக்கூட்டம் என்று ஒரு வழி இருக்கிறது. மற்ற அவை தோற்கடித்தாலோ, திருத்தங்களில் இரண்டு அவையும் ஒத்துப்போகாவிட்டாலோ, 6 மாதத்துக்கு மேல் நிறைவேற்றாமல் வைத்திருந்தாலோ, குடியரசுத் தலைவர் இரண்டு அவைகளையும் சேர்த்துக் கூட்டலாம். மக்களவை சபாநாயகர் தலைமை தாங்குவார். மக்களவையில் 543 இடம், மாநிலங்களவையில் 245 இடம் என்பதால் மக்களவையின் கைதான் ஓங்கும்.

ஆனால் இதுவரை மூன்றே மூன்று மசோதாக்கள்தான் இந்த வழியில் சட்டமாகியிருக்கின்றன. 1961இல் வரதட்சணைத் தடுப்பு மசோதா. எதையெல்லாம் வரதட்சணை என்று கொள்வது என்பதில் இரண்டு அவைக்கும் கருத்து வேறுபாடு. 1978இல் வங்கிப் பணியாளர் தேர்வாணையத்தை ரத்து செய்யும் மசோதா. 2002இல் பொடா எனும் பயங்கரவாதத் தடுப்பு மசோதா, அது 425க்கு 296 என்ற வாக்குகளில் நிறைவேறியது.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): அப்படியானால் மாநிலங்களவை வெறும் ரப்பர் ஸ்டாம்பா அக்கா? அது எதையாவது தடுத்திருக்கிறதா?

தடுத்திருக்கிறதம்மா. ரப்பர் ஸ்டாம்ப் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரசியலமைப்புத் திருத்த மசோதாவுக்குக் கூட்டுக்கூட்டம் கிடையாது. ஒவ்வோர் அவையிலும் தனித்தனியாக, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவும் வேண்டும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும்.

1970 செப்டம்பரில் என்ன நடந்தது தெரியுமா? முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியத்தை ஒழிக்க இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த திருத்தம் மக்களவையில் 332க்கு 154 என்று நிறைவேறிவிட்டது. மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224. ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்: 224இல் மூன்றில் இரண்டு பங்கு 149.33. மூன்றில் ஒரு பங்கு வாக்கு குறைகிறது! ஆளை முழுசாகத்தானே எண்ண முடியும், 150 வேண்டும். மசோதா தோற்றது. மறுநாளே மன்னர்களுக்கான அங்கீகாரத்தைக் குடியரசுத் தலைவர் உத்தரவால் நீக்கினார்கள். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிறகு மக்களவை கலைந்து, 1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்று, 26ஆம் திருத்தம் மூலம்தான் மானியம் ஒழிந்தது.

மன்னர் மானியம் ஒழிந்தது சரிதான் என்பதே என் கருத்து. ஆனாலும் அந்த ஒரு வாக்கு அரசாங்கத்தை மக்களிடம் திரும்பிப்போக வைத்ததே, இரண்டாவது அவை எதற்கு என்று கேட்கும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி (வங்கி ஊழியர்): பண மசோதா மட்டும் ஏன் தனி?

வரி, அரசின் கடன், தொகுப்பு நிதியிலிருந்து (அரசின் வருவாய் சேரும் முதன்மைக் கணக்கு) செலவு போன்றவை மட்டுமே இருந்தால் அது பண மசோதா. மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரை மட்டும் செய்யலாம், மக்களவை அதை ஏற்காமலும் போகலாம். எது பண மசோதா என்று சான்றளிப்பவர் சபாநாயகர். பிரச்சினையே அங்கேதான். 2016இல் ஆதார் மசோதா பண மசோதாவாக வந்தது. மாநிலங்களவை சொன்ன 5 திருத்தங்களையும் மக்களவை அன்றைக்கே தள்ளிவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று அதைச் செல்லும் என்றது. மாறுபட்ட அந்த ஒரு தீர்ப்பு நீதிபதி சந்திரசூட் எழுதியது. மாநிலங்களவையை இப்படிச் சுற்றிக்கொண்டு போவது தவறு என்ற அவர் பக்கமே நான்.

கேள்வி (வாசகர் ஒருவர்): அமைச்சராக இல்லாத எம்.பி. மசோதா கொண்டுவர முடியுமா?

முடியும். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு அப்படிச் சட்டமானவை 14தான், கடைசியாக ஆனது 1970இல். நம் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்கான மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. 45 ஆண்டுகளில் ஓர் அவையைத் தாண்டிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் நிறைவேறவில்லை. பிறகு அரசே வேறொரு மசோதா கொண்டுவந்து, அது 2019இல் சட்டமானது.

கேள்வி (இல்லத்தரசி): மகளிர் இட ஒதுக்கீடு அத்தனை வருஷம் ஏன் இழுத்தது?

அரசியல் காரணம் பெரிது. கூடவே ஒரு விதியும் உண்டு. மக்களவை கலைந்தால், அங்கே நிலுவையில் இருக்கும் மசோதாக்கள் எல்லாம் காலாவதி. மாநிலங்களவை கலைவதே இல்லை என்பதால், அங்கே தொடங்கி அங்கேயே இருக்கும் மசோதா பிழைத்துக்கொள்ளும். 1996இலிருந்து கொண்டுவந்தவை திரும்பத் திரும்பக் காலாவதியானதால் 2008இல் மாநிலங்களவையில் தாக்கல் செய்தார்கள். 2010இல் அங்கே நிறைவேறியது. நிறைவேறி மக்களவைக்கு வந்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 2014இல் மக்களவை கலைந்தபோது அதுவும் போயிற்று. 2023 செப்டம்பரில் புதிதாகத் தொடங்கித்தான் நிறைவேற்றினார்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற தபால் ஊழியர்): குடியரசுத் தலைவர் கையெழுத்தே போடாவிட்டால்?

ஐயா, உங்கள் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் அஞ்சல் திருத்த மசோதா 1986இல் இரண்டு அவையிலும் நிறைவேறியது. ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. இத்தனை நாளுக்குள் என்று 111ஆம் பிரிவு எதுவும் சொல்லவில்லை. அவருக்குப் பின் வந்த ரா. வெங்கட்ராமன் அதை மறுபரிசீலனைக்கு அனுப்பினார். கடைசிவரை அது சட்டமாகவில்லை. மாறாக, எம்.பி.க்கள் எந்த அரசுப் பதவிகளை வகித்தால் தகுதி இழக்க மாட்டார்கள் என்று சொல்லும் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் 2006இல் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றியதும் கையெழுத்திட்டார். இரண்டாம் முறை வந்தால் மறுக்க முடியாது.

கேள்வி (அதே தம்பி): கையெழுத்தானதும் அமலாகிவிடும்தானே?

பெரும்பாலும் இல்லை. "மத்திய அரசு அறிவிக்கும் நாளில்" என்று 1ஆம் ஷரத்திலேயே எழுதியிருப்பார்கள். 1995இல் கையெழுத்தான தில்லி வாடகைச் சட்டத்துக்கு அந்த நாள் வரவே இல்லை. குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது, விதிகள் வந்தது 2024 மார்ச்சில்.

கேள்வி (விவசாயி): எங்களைப் போன்றவர்கள் எந்தக் கட்டத்தில் கருத்து சொல்லலாம்?

மசோதா நிலைக்குழுவுக்குப் போனால் சொல்லலாம் ஐயா. மொத்தம் 24 துறைவாரிக் குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 பேர். பொதுமக்கள் கருத்து எழுதி அனுப்பலாம் என்று குழு விளம்பரம் கொடுக்கும். ஆனால் எல்லா மசோதாவும் குழுவுக்குப் போவதில்லை. 2020இன் மூன்று வேளாண் மசோதாக்களும் போகவில்லை. அவற்றை ரத்து செய்யும் மசோதா 2021 நவம்பர் 29 அன்று, ஒரே நாளில், விவாதமே இல்லாமல் இரண்டு அவையையும் தாண்டியது. குழுவில் உட்கார்ந்து உங்களைப் போன்றவர்களைக் கேட்டிருந்தால் ஒரு வருடப் போராட்டம் தேவைப்பட்டிருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன். அடுத்த முறை விளம்பரம் வந்தால், மசோதாவின் பின்பக்கம் இருக்கும் நோக்க, காரண விளக்கத்தை முதலில் படியுங்கள். பிறகு எந்த ஷரத்து உங்களைப் பாதிக்கிறது, அதை எப்படி மாற்ற வேண்டும் என்று எண் போட்டு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.