மான்ஸ்டர் அனிமே: குறையும் நிறையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'டெத் நோட்' என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) பார்த்த சூட்டோடு, அதே வேகம் இருக்கும் என்று நம்பி 'மான்ஸ்டர்' தொடங்கினேன். மொத்தம் 74 பகுதிகள். ஆரம்பப் பகுதிகளை ஒரே மூச்சில் பார்த்தேன். அதன்பின் கதை எங்கெங்கோ அலைகிறது. டாக்டர் டென்மா ஒவ்வோர் ஊராகப் போகிறார், யாரோ ஒருவருடைய சோகக் கதையைக் கேட்கிறார், அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார். கொலைகாரன் யோஹானைத் தேடும் கதையோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவன் ஏன் அப்படி ஆனான் என்பதற்கும் கடைசிவரை திருப்தியான பதில் இல்லை. பாதியாகச் சுருக்கியிருந்தால் அருமையான திரில்லர் ஆகியிருக்கும். இதைத் தலைசிறந்த தொடர்களில் ஒன்று என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். இப்போதும் அதே கருத்துதானா? என் பதினான்கு வயது மகனும் அனிமே பைத்தியம். அவனுக்குக் காட்டலாமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

அதே கருத்துதான். ஆனால் நீங்கள் குறை என்று சொல்லும் கிளைக்கதைகள்தான் இந்தத் தொடரின் உயிர் என்று நினைக்கிறேன். எனக்குக் குறையாகப் படுவது வேறு இடத்தில் இருக்கிறது. (இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவு வரை பேசப்போகிறேன்.)

தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். 1986, மேற்கு ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரம். துருக்கியக் கட்டடத் தொழிலாளி ஒருவரை முதலில் கொண்டுவருகிறார்கள். ஆனால் மருத்துவமனை இயக்குநரின் உத்தரவுப்படி, பின்னால் வந்த ஓபரா பாடகருக்கு டென்மா அறுவை சிகிச்சை செய்கிறார். பாடகர் பிழைக்கிறார், தொழிலாளி இறந்துபோகிறார். 'என் கணவர்தானே முதலில் வந்தார்' என்று அவருடைய மனைவி டென்மாவிடம் கதறுகிறாள். டென்மாவுக்கு நிச்சயிக்கப்பட்ட ஈவாவோ, எல்லா உயிரும் ஒன்றாகிவிடுமா என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறாள். அடுத்த முறை டென்மா நகர மேயரை விட்டுவிட்டு, தலையில் குண்டடிபட்டு வந்த சிறுவனைக் காப்பாற்றுகிறார். அந்தச் சிறுவன்தான் யோஹான். எல்லா உயிரும் சமம்தானா என்று கேட்டுத் தொடங்கிய கதை, வழியில் வரும் மனிதர்களை வெறும் துப்புக் கொடுப்பவர்களாகப் பயன்படுத்திவிட்டுப் போக முடியாது. அதனால்தான் ஒவ்வொருவர் வீட்டிலும் உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்கிறது.

ரிச்சர்ட் பிரவுனை எடுத்துக்கொள்ளுங்கள். குடியால் வேலையும் குடும்பமும் போன முன்னாள் துப்பறிவாளர். பதின்வயதுக் குற்றவாளி ஒருவனைச் சுட்டுக் கொன்றவர், குடிபோதையில் நடந்தது என்று தனக்கே சொல்லிக்கொண்டு வாழ்பவர். குடியை விட்டுவிட்டார். பிரிந்த மகளைப் பார்க்கும் வாய்ப்பு வருகிறது. அந்த நேரத்தில் மொட்டைமாடியில் யோஹான் அவரோடு பேசுகிறான். கத்தவில்லை, மிரட்டவில்லை. அன்றைக்கு நீங்கள் உண்மையிலேயே போதையில்தான் இருந்தீர்களா என்ற திசையில் பேச்சை மெல்ல நகர்த்துகிறான், அவ்வளவுதான். பிரவுன் மாடியிலிருந்து விழுந்து சாகிறார், மறுபடி குடித்துவிட்டு விழுந்தார் என்று வழக்கை முடிக்கிறார்கள். அந்தக் காட்சி அப்படிப் பதறவைப்பதற்குக் காரணம், அதற்கு முன் அந்த மனிதரோடு நாம் பழக நேரம் கிடைத்ததுதான். நீங்கள் சொல்கிறபடி பாதியாக வெட்டினால் முதலில் போவது பிரவுன்தான். அவர் போனால் யோஹான் வெறும் அழகான முகமுள்ள கொலைகாரன், வேறொன்றுமில்லை.

க்ரிம்மரும் அப்படித்தான். கிழக்கு பெர்லின் அநாதை விடுதியில் உணர்ச்சிகளைத் துடைத்தெடுத்து வளர்க்கப்பட்டவர், சிரிப்பதைக்கூடப் பயிற்சி செய்து கற்றுக்கொண்டவர், சொந்த மகன் இறந்தபோது அழத் தெரியாதவர். சாகும் நேரத்தில்தான் அந்தத் துக்கம் அவருக்குள் வருகிறது. அனிமேயில் இதைவிட நல்ல கதாபாத்திரத்தை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் துருக்கியர் குடியிருப்பைக் கொளுத்த நவநாஜிகள் திட்டமிடும் பகுதி சினிமாத்தனமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் நிஜத்திலேயே ஜெர்மனியில் 1992-இல் மெல்னிலும் 1993-இல் சோலிங்கனிலும் துருக்கியக் குடும்பங்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். மெல்னில் மூன்று பேர், சோலிங்கனில் ஐந்து பேர் இறந்தார்கள், எல்லோரும் பெண்களும் சிறுமிகளும். சோலிங்கன், டுசெல்டார்ஃபுக்குப் பக்கத்து ஊர். நவோகி உராசாவா இதன் மூலமான மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) 1994 டிசம்பரில் தொடங்கினார். முதல் பகுதியில் சாகும் தொழிலாளியையும் இதையும் சேர்த்துப் பாருங்கள், தற்செயலாக வைத்ததாகத் தெரியவில்லை.

இனி குறைகள். யோஹானைப் பற்றிப் பதில் இல்லை என்கிறீர்கள். எனக்கோ பதில்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டன. முதலில் க்ரிம்மர் வளர்ந்த அதே அநாதை விடுதி அவனை உருவாக்கியது என்கிறார்கள். அங்கே வருமுன்பே அவன் அப்படித்தான் என்கிறார்கள். அப்புறம் பிராகில் உள்ள சிவப்பு ரோஜா மாளிகை, சித்திரக்கதைப் புத்தகங்கள், இனமேம்பாட்டுச் சோதனை, யோஹான், அவன் சகோதரி நீனா என்ற இரட்டையரில் யாரைக் கொடுப்பது என்று தாய் செய்த தேர்வு. விளக்கம் கூடக்கூட யோஹான் சிறுத்துப்போகிறான். பெரும்பாலும் கண்ணில் படாமலேயே அச்சுறுத்தியவன், கடைசிப் பகுதிகளில் ஒரு ஆய்வறிக்கையின் முடிவாக நிற்கிறான்.

கதை முடியும் ரூஹென்ஹைம் என்ற சிற்றூர்ப் பகுதி எனக்கு இன்னும் பெரிய ஏமாற்றம். துப்பாக்கிகளைப் பரப்பி, சந்தேகத்தைத் தூவிவிட்டால் ஓர் ஊரே ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் என்கிறது. ஒரே மனிதரை உடைக்க அவ்வளவு பொறுமை காட்டிய தொடர், ஊரையே உடைக்கும்போது அவசரப்படுகிறது. அந்த மக்களுடைய வீடுகளிலும் அதே நிதானத்தோடு உட்கார்ந்திருந்தால் நம்பியிருப்பேன். நீனாவுக்கும் அநியாயம் நடந்திருக்கிறது. சட்டம் படிக்கும் துணிச்சலான பெண், பிற்பாதியில் மயங்கி விழுந்து பழையதை நினைவுகூர்வதற்கு மட்டுமே என்று ஆகிவிடுகிறாள்.

இழுவை பற்றிய உங்கள் புகாரில் ஒரு நியாயம் உண்டு. மங்கா மாதம் இருமுறை வரும் இதழில் 2001 வரை வந்தது. இடைவெளி விட்டுப் படிப்பவர்களுக்குப் பழையதை எடுத்துச் சொல்லியே ஆகவேண்டும். இயக்குநர் மசாயுகி கொஜிமாவும் மேட்ஹவுஸ் நிறுவனமும் மூலத்தை ஏறக்குறைய அப்படியே பின்தொடர்ந்ததால், அதே நினைவுகள், அதே காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை வெட்டியிருக்கலாம். மனிதர்களை வெட்டக் கூடாது.

மகனைப் பற்றி: அவனைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள். ரத்தம் காரணமல்ல. தாயைத் தேடும் மிலோஷ் என்ற சிறுவனிடம், உன்னை யாருக்கும் வேண்டாம் என்ற எண்ணத்தை யோஹான் விதைக்கும் பகுதி இருக்கிறதே, அந்த வயதில் அதைத் தனியாகப் பார்ப்பது நல்லதல்ல. ஓரிரண்டு வருடம் பொறுங்கள், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஏற்கெனவே முழுவதும் பார்த்தவர் நீங்கள். எந்த இடத்தில் நிறுத்தி அவனோடு பேச வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.