ஒரு அங்குல லைனுக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

வணக்கம் ஐயா,

சிங்கப்பூர் துவாஸில் ஒரு கப்பல் யார்டில் பைப்பிங் வேலை. பழைய டேங்கர் ஒன்றை எஃப்.பி.எஸ்.ஓ.வாக, அதாவது கடலில் நின்றபடி எண்ணெய் எடுத்துச் சேமிக்கும் கப்பலாக, மாற்றுகிறோம். மெத்தனால் பம்பிலிருந்து போகும் ஒரு அங்குல லைனை மூன்று தடவை ஃப்ளஷ் பண்ணி உள்ளே கழுவ வைத்துவிட்டார் கியூசி (தரம் பார்ப்பவர்). பக்கத்தில் இருக்கும் பெரிய கடல்நீர் லைனுக்குக்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை. எண்ணெய் எடுக்கும் கப்பலில் மெத்தனாலுக்கு என்ன வேலை? அதற்கு ஏன் அவ்வளவு பெரிய டேங்க்?

மு., பூன் லே

அன்புள்ள மு.,

கியூசி கேட்டது நியாயம்தான். அந்த லைன் உங்கள் கப்பலோடு முடிவதில்லை. அம்பிலிக்கல் என்ற குழாய்க் கட்டு வழியே இறங்கிக் கடலடியில் கிணற்றுத் தலை வரை போகிறது. சிங்கப்பூரில் மாற்றிக் கட்டிய லீசா டெஸ்டினி என்ற எஃப்.பி.எஸ்.ஓ., கயானா கடலில் சுமார் 1,525 மீட்டர் ஆழத்தின் மேல் நிற்கிறது. அந்த ஆழத்தில் கடலடி வெப்பம் ஏறத்தாழ 4 டிகிரிதான்.

எண்ணெயோடு வாயுவும் தண்ணீரும் சேர்ந்தே வரும். அழுத்தம் 100 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் நூறு மடங்கு) இருந்தால், சாதாரண இயற்கை வாயு 20 டிகிரி அளவிலேயே தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரேட்டாக உறையத் தொடங்கும். பார்வைக்கு ஐஸ் கச்சாங்கில் சீவிப்போட்ட ஐஸ் மாதிரி இருக்கும், ஆனால் குழாயையே அடைத்துவிடும். 2010 மே மாதம் மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணற்றின் எண்ணெய்க் கசிவின் மேல் கவிழ்க்க இறக்கிய இரும்புக் கூடு பயன்படாமல் போனதற்கு இதுதான் காரணம்.

கிணறு ஓடும்வரை பெரிய கவலை இல்லை. எண்ணெய் சூடாக வருகிறது, குழாய்க்கு இன்சுலேஷன் இருக்கிறது. ஏதோ ட்ரிப் ஆகி (தானாக நின்று) கிணறுகளை மூடினால்தான் சிக்கல். முதல் சில மணி நேரம் குழாயில் சூடு மிச்சமிருக்கும், அதற்குள் திரும்ப ஓட்டப் பார்ப்பார்கள். முடியாவிட்டால், சீக்கிரம் ஆறிப்போகும் கிணற்றுத் தலைக்கும், அதை ஒட்டிய இணைப்புக் குழாயான ஜம்பருக்கும் மெத்தனால் போகும். தண்ணீரில் கலந்து ஹைட்ரேட் உறையாமல் தடுப்பதுதான் அதன் வேலை. கடலடியில் எண்ணெய் கொண்டுவரும் நீண்ட குழாயான ஃப்ளோலைனில், வாயு பிரித்த எண்ணெயை ஒரு குழாயில் தள்ளி, உள்ளே இருப்பதை இன்னொரு குழாய் வழியே கப்பலுக்கு வாங்கிக்கொள்வார்கள். திரும்ப ஓட்டும்போது, கிணறு சூடாகும்வரை மறுபடி மெத்தனால் வேண்டும்.

டேங்க்குக்கு வருவோம். உறையும் புள்ளியை 20-லிருந்து 4-க்கு இறக்க, 100 கிலோ தண்ணீருக்குச் சுமார் 40 கிலோ மெத்தனால் தேவை. வாயுவிலும் எண்ணெயிலும் கரைந்து போவது தனி. ஒரு நாளைக்கு 10,000 பீப்பாய் தண்ணீர் வரும் வயலில் நாள் முழுக்கச் செலுத்தினால் 600 டன்னைத் தாண்டும். அது கட்டுப்படியாகாது. மெத்தனால் கலந்த எண்ணெயை ரிஃபைனரிகளும் விரும்புவதில்லை. அதனால்தான் நிறுத்தும்போதும் தொடங்கும்போதும் மட்டும். ஆனால் எல்லாக் கிணறும் ஒரே சமயத்தில் நின்றால் அத்தனைக்கும் போதுமான இருப்பு கையில் வேண்டும்.

அடைத்துக்கொண்டால் மேலே வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கலாமே என்று தோன்றும். கடலடியிலிருந்து கப்பலுக்கு ஏறும் 1,500 மீட்டர் குழாயான ரைசரில் நிற்கும் எண்ணெயின் எடையே அடியில் 100 பாருக்கு மேல் அழுத்தும். 4 டிகிரியில் மீத்தேன் ஹைட்ரேட் கரைய 40 பாருக்குக் கீழே போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கினால், அடைப்பு பிய்த்துக்கொண்டு பாய்ந்து குழாயின் வளைவை உடைத்துவிடும். கரைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை அந்த லைனில் உற்பத்தி இல்லை.

இந்த இக்கட்டுக்குப் போகாமல் காப்பது உங்கள் ஒரு அங்குல லைன்தான். கிணற்றுத் தலையில் மெத்தனாலை அளந்து விடும் வால்வின் துளை மிகச் சிறியது. ஒரு வெல்டிங் கசடோ, டெஃப்லான் டேப் துணுக்கோ போதும், சிக்கிக்கொள்ளும். எடுக்க வேண்டுமென்றால் தனிக் கப்பலும், கடலடியில் இயக்கும் ஆளில்லா இயந்திரமான ஆர்.ஓ.வி.யும் வரவேண்டும்.

ஆகவே ஹைட்ரோடெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) முடிந்ததும் தண்ணீரை வடித்து, நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். முனைகளை உடனே அடையுங்கள், அடுத்த குழாயோடு இணைக்கும் டை-இன் அன்றுதான் திறக்க வேண்டும். சாதா இரும்பில் ஓட்டிய கிரைண்டிங் டிஸ்க்கை ஸ்டெயின்லெஸ்ஸில் வைக்காதீர்கள், துரு ஒட்டும். சாதாரண வைட்டான் ரப்பர் ஓ-ரிங் மெத்தனாலில் ஊதிப்போகும், டேட்டாஷீட்டில் உள்ளதை மட்டுமே போடுங்கள்.

மெத்தனால் ஏற்றிய பிறகு பக்கத்தில் வெல்டிங் போன்ற ஹாட் வொர்க் இருந்தால் மிகவும் கவனம். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. தீயணைக்கும் சாதாரண ஃபோம் (நுரை) அதில் கரைந்துவிடும், ஆல்கஹாலுக்கான ஃபோம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.