தேரைக்கு மட்டும் என்ன இத்தனை செல்லம்?

கே: எங்கள் தோட்டத்து மல்லிகைப் பந்தலில் வருஷம் தவறாமல் சின்னான் (கொண்டைக்குருவி) கூடு கட்டுகிறது, ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு தேரையைக் காப்பாற்ற விமானத்தில் ஏற்றினார்களாமே! இரண்டும் உயிர்தானே?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

ப: உயிர்தானுங்க, பிழைப்புதான் வேறு. உங்கள் சின்னானையே பாருங்கள். பந்தல் இல்லாவிட்டால் கறிவேப்பிலை மரம், அதுவும் இல்லாவிட்டால் திண்ணை விளக்கின் தலைமேல் நாலு நாரை வைத்துக் குடித்தனம் நடத்திவிடும். கோவைப்பழமோ புழுவோ, கிடைத்ததைத் தின்னும். வெளிநாட்டுத் தீவுகளில் போய்ப் பெருகி, உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிர்களின் பட்டியலிலேயே இடம்பிடித்த ஆள் அது (நம்மூர்க்காரர்தான், என்ன செய்ய!).

அந்தத் தேரை தான்சானியாவின் கிஹான்சி அருவியில் இருப்பது. மஞ்சள் நிறம், சுமார் ஓர் அங்குலம்தான் இருக்கும், முட்டையிடாமல் குட்டி போடும். அருவிச்சாரல் ஓயாமல் நனைக்கிற சுமார் 2 ஹெக்டேர், அதாவது நம்மூரில் ஒருத்தருடைய சின்னத் தோட்டம் அளவு, அவ்வளவுதான் அதற்கு உலகமே. 1996-ல் கண்டுபிடித்தார்கள், 2000-ல் மேலே அணை கட்டி மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திருப்பியதும் சாரல் வற்றிவிட்டது. அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? நாம் நிலக்கடலைக்குப் போடுவோமே ஸ்பிரிங்க்ளர், அதே மாதிரி மலைச்சரிவில் குழாய் இழுத்துச் சாரல் அடித்தார்கள். கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது, பிறகு திடீரென்று மொத்தமாகச் சரிந்தது. தோலைப் பிடிக்கும் பூஞ்சை நோயும் தென்பட்டது. 2009-ல், இயற்கையில் இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். நல்லவேளை, 499 தேரைகளை முன்கூட்டியே அமெரிக்க உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நீங்கள் சொல்லும் விமானப் பயணம் அதுதான். அவற்றின் வாரிசுகளை 2012 முதல் அதே அருவியில் கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் சின்னானுக்குப் பந்தலைப் பிரித்தால் பக்கத்துத் தோட்டம் இருக்கிறது, இதற்குப் போக்கிடம் இல்லை.

கே: அது இருக்கட்டும், தேரை விழுந்தால் தேங்காய்க்குள் பருப்பு இருக்காது என்கிறார்களே?
- வாசகர், பொள்ளாச்சி

ப: நம் தோட்டத்துத் தேரைக்குத் தென்னை ஏறவே தெரியாதுங்க. சத்துக் குறைவு, மகரந்தம் சரியாகச் சேராதது, இதெல்லாம்தான் காரணம். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். தேரை பாட்டுக்கு மோட்டார் ரூமில் பூச்சி பிடித்துக்கொண்டு கிடக்கட்டும்.