டிசம்பர் விடுமுறையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கும் கிம்பர்லிக்குக் குடும்பத்தோடு போகலாமா? பத்து நாள் போதுமா?

நானும் பெர்த்வாசிதான். டிசம்பர் என்றால் வேண்டாம். அது அங்கே மழைக்காலம். கிம்பர்லிக்குள் போகும் நீண்ட மண் சாலையான கிப் ரிவர் ரோட்டை மூடிவிடுவார்கள், பர்னுலுலு தேசியப் பூங்காவும் திறந்திருக்காது. 2023 ஜனவரி வெள்ளத்தில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்ற ஊரின் பாலமே உடைந்து போனது. போதாக்குறைக்குப் புரூம் என்ற கடலோர ஊரின் கேபிள் பீச்சில் விஷ ஜெல்லிமீன் வேறு. ஜூலை பள்ளி விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பத்து நாளில் முழுக் கிம்பர்லியும் ஆகாது. நம் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்கு பரப்பு அது. பெர்த்திலிருந்து புரூமுக்கே 2,200 கிலோமீட்டருக்கு மேல், அதனால் விமானத்தில் போய்விடுங்கள். அங்கே வாடகைக்கு எடுக்கும் சாதாரணக் காரை மண் சாலையில் இறக்கக் கூடாது என்று பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 660 கிலோமீட்டர் கிப் ரிவர் ரோட்டைச் சின்னப் பிள்ளைகளோடு முதல் பயணத்திலேயே முயல வேண்டாம் என்பது என் கருத்து. புரூமுக்கு வடக்கே இருக்கும் கேப் லெவேக் முனைக்குப் போகும் சாலை இப்போது தார் ரோடு, அது போதும்.

புரூமில் எல்லாவற்றையும் முடிவு செய்வது கடல்தான். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பத்து மீட்டர் வரை வித்தியாசம் வரும், அதாவது மூன்று மாடி உயரம். கான்தியூம் முனையில் 13 கோடி ஆண்டுப் பழமையான டைனோசர் காலடித் தடங்கள் இருக்கின்றன. நான் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு மதியம் போய் நின்றேன். தடம் எல்லாம் தண்ணீருக்கு அடியில்! கடல் நன்றாக வற்றும் நாளில், வற்றிய நேரத்தில் போனால்தான் தெரியுமாம். பையன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். ஆகவே ஓட்டல் பதிவு செய்யும் முன்பே ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிப் போனால் இன்னொரு லாபம்: ரோபக் விரிகுடாவின் ஈரச் சேற்றில் நிலா வெளிச்சம் படிக்கட்டு போல விழும். ஊரே கூடி நின்று பார்க்கும்.

கிம்பர்லிக் கடலோரத்தில் இருக்கும் ஹொரிசாண்டல் ஃபால்ஸும் (கிடைமட்ட அருவி) இந்த ஓதத்தின் வேலைதான். குறுகிய பாறை இடுக்கில் கடல் வேகமாகப் பாய்வதால், இருபுறமும் நீர்மட்டம் வேறுபட்டு அருவி போலத் தெரிகிறது. அந்த இடுக்குகளுக்குள் படகு ஓட்டுவதை அங்குள்ள பூர்வகுடியினர் விரும்பவில்லை. 2028-இல் அதை நிறுத்துகிறார்கள். விமானத்தில் மேலிருந்து பார்த்தாலே தெளிவாகத் தெரியும். செலவு அதிகம்தான்.

அப்புறம், முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கழிமுகத்தில் கால்கூட நனைக்காதீர்கள்.