காட்டின் ஓரத்தில் பாலூட்டிகள் என்ன செய்கின்றன?

காடு முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் விலங்குகள் திரும்பிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் திரும்புவதில்லை. வால்பாறையில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி, நடுநடுவே தீவுகளாக மழைக்காட்டுத் துண்டுகள். யானைகள் பகலில் ஆற்றோர மரநிழலில் ஒதுங்கியிருந்து, பெரும்பாலும் இருட்டிய பிறகே தேயிலைக்குள் இறங்கும். காட்டுமாடு பட்டப்பகலிலும் தேயிலை ஓரம் புல் மேயும்.

மரத்திலேயே வாழப் பிறந்த சிங்கவால் குரங்குக்குத்தான் ஓரம் பெரும் துன்பம். வால்பாறையில் புதுத்தோட்டம் என்ற எஸ்டேட் பகுதியில், கிளைகள் கோக்காத இடங்களில் அது தரையிறங்கிச் சாலையைக் கடக்கிறது. குட்டி தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வளைவில் வண்டி வந்துவிடும். அதற்காகவே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் அதில் நடக்கின்றன. தேயிலைக்கு நிழலாக சில்வர் ஓக்கை மட்டும் நடாமல் உள்ளூர் மரங்களையும் நட்டால், அந்த எல்லை இன்னும் மெலியும் என்பது என் உறுதியான எண்ணம்.