பட்டியில் 38 ஆடு, கையில் மானிய நோட்டீஸ்

கேள்வி: ஐயா, நான் சென்னை கொளத்தூரில் இருக்கிறேன். ஊத்துக்கோட்டை பக்கம் அப்பாவின் நிலத்தில், தேசிய கால்நடை இயக்கத் திட்டத்தில் 100 பெட்டை ஆடு, 5 கிடா என்று பண்ணை போட்டேன். திட்ட மதிப்பு 20 லட்சம், மானியம் 10 லட்சம். முதல் தவணை 5 லட்சம் வந்தது. இரண்டாவது தவணைக்காக ஆய்வுக்கு வந்தவர்கள், பட்டியில் 38 ஆடுதான் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். மழைக்காலத்தில் ஆட்டுக்கொல்லி நோயில் பல செத்துப்போயின, வங்கித் தவணை கட்டக் கொஞ்சம் விற்றேன். இப்போது 5 லட்சத்தை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லியும், ஏன் குற்ற நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 15 நாளில் விளக்கம் கேட்டும் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒரு ஆடுகூட வாங்காமல் மானியம் வாங்கியவர்களை யாரும் கேட்பதில்லை. உள்ளூர் விரோதத்தில் என்னை மட்டும் மாட்டிவிட்டார்கள். ஆடுகளை இரவல் வாங்கி நிறுத்தி மறு ஆய்வு கேட்கலாம், தெரிந்த கால்நடை மருத்துவரிடம் பழைய தேதியில் இறப்புச் சான்று வாங்கலாம் என்கிறார் மச்சான். வங்கிக் கடன் 8 லட்சம் நிற்கிறது. அதற்கு அம்மா பெயரில் உள்ள கொளத்தூர் வீடு அடமானம். என்ன செய்வது?

பதில்: நீளமாக எழுதியிருக்கிறீர்கள். முடிவு செய்யும் விஷயம் மட்டும் அதில் இல்லை. இரண்டாவது தவணை கேட்டு, பண்ணை வேலை முழுக்க முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டீர்களே, அன்றைக்குப் பட்டியில் எத்தனை ஆடு இருந்தது?

அன்று 105 ஆடும் இருந்து, பிறகு செத்ததும் விற்றதும் நடந்திருந்தால், இது நிபந்தனை மீறல். மானியத்தைத் திரும்பக் கேட்பார்கள், அதோடு போகும். 60 ஆடு வாங்கி 105க்குப் பில் கொடுத்திருந்தால் கதை வேறு. ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்ததா என்பதைத்தான் மோசடி வழக்கில் நீதிமன்றம் பார்க்கும். நாம் எல்லோரும் 420 என்று சொல்லிப் பழகியது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). 7 ஆண்டு வரை தண்டனை. ஆட்டு வியாபாரியின் பில், நீங்கள் அவருக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, இடமும் நேரமும் பதிந்த புகைப்படங்கள், இந்த மூன்றையும் இன்றே மேசையில் விரித்து வையுங்கள். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா பாருங்கள்.

மற்றவர்களை விட்டுவிட்டார்கள் என்ற குறையை மறந்துவிடுங்கள். அடுத்தவன் தப்பியதைக் காட்டி நானும் தப்ப வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 14வது பிரிவைப் பிடிக்க முடியாது. சமத்துவம் சட்டப்படி கிடைக்க வேண்டியதற்குத்தான், தவறுக்கு இல்லை. யார் விரோதத்தில் மனு போட்டார் என்பதும் வேண்டாம். 38 என்ற எண்ணிக்கை சரி என்றால் மனு போட்டவரின் நோக்கம் எதையும் மாற்றாது.

சரி, மச்சானின் யோசனைக்கு வருகிறேன். என்னிடம் வழக்கு ஆலோசனைக்கு வந்தவர்களில் பலர் கெட்டது இங்கேதான். அவர்கள் வரும்போது கையில் இருந்தது பணப் பிரச்சினை. அதைத் தாங்களே கிரிமினல் வழக்காக மாற்றிக்கொண்டார்கள்.

இரவல் ஆடு எப்படி மாட்டும் என்று நினைக்கிறீர்கள்? காதில் வில்லை போட்டிருந்தால் அதில் 12 இலக்க எண் இருக்கும். ஆய்வாளர் கைபேசியில் தட்டினால் பதிவான உரிமையாளர் பெயர் வந்துவிடும், அது உங்கள் பெயராக இருக்காது. வில்லை இல்லாத சந்தை ஆட்டைப் பிடித்து அவசரமாகக் குத்தினால், எட்டு மாதத்துக்கு முன் போட்டதாகச் சொல்லும் வில்லையைச் சுற்றிக் காதில் புண் ஆறாமல் பொருக்குத் தட்டியிருக்கும். அதைக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுவரை ஆடு செத்துவிட்டது என்று உண்மை பேசிக்கொண்டிருந்த ஆள், அந்த நிமிடத்திலிருந்து பொய் ஆதாரம் உண்டாக்கியவர்.

பழைய தேதி இறப்புச் சான்று இதைவிட மோசம். ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரிப்பது அதே சன்ஹிதாவின் 336(3), அதை உண்மையென்று கொடுப்பது 340(2). மோசடிக் குற்றத்தை ஏமாற்றப்பட்டவர் நீதிமன்ற அனுமதியோடு சமாதானமாக முடித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. போலி ஆவணக் குற்றங்களுக்கு அந்த வழி கிடையாது. 5 லட்சத்தை வட்டியோடு முழுக்கக் கட்டிய பிறகும் அந்த வழக்கு நிற்கும். உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம்தான், ஆனால் பொதுப்பணம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் எளிதில் இணங்க மாட்டார்கள். கையெழுத்துப் போடுபவர் அரசு மருத்துவர் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறையும் உள்ளே வரும். அவருடைய வேலையும் போய், கூட்டுச் சதியில் நீங்களும் மச்சானும் வரிசையாக நிற்பீர்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு குழி, பதில் கடிதத்திலேயே இருக்கிறது. எல்லா ஆடும் செத்துவிட்டது என்று எழுதத் தோன்றும், அனுதாபம் கிடைக்கும் என்று. விற்ற ஆட்டுக்கு வியாபாரி கூகுள் பேயில் அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் இருக்கும். காப்பீடு இருந்தும் இத்தனை இறப்புக்கு ஏன் இழப்பீடு கேட்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எத்தனை செத்தது, எத்தனை விற்றது, எந்த மாதம் என்று உள்ளபடி எழுதுங்கள். கால்நடை மருந்தக நோயாளிச் சீட்டு, தடுப்பூசிப் பதிவு, மருந்துக் கடை பில், எது இருக்கிறதோ அதன் நகல். இல்லாததை இல்லை என்று விடுங்கள்.

வங்கி விஷயம் தனி. மானியத் தகராறு ஓடுகிறது என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். அப்பாவின் விவசாய நிலத்தை மட்டும் அடமானம் வைத்திருந்தால், அடமானச் சொத்தை வங்கி நேரடியாக எடுக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 31வது பிரிவு காப்பாற்றியிருக்கும். கொளத்தூர் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடன் வாராக்கடன் ஆனால், பாக்கியைக் கட்டச் சொல்லி அந்தச் சட்டத்தின் 13(2) நோட்டீஸ் வரும், 60 நாள் போனதும் வீட்டின் மீது கை வைக்கலாம். உங்கள் அம்மாவுக்கு இது தெரியுமா என்று கடிதத்தில் எழுதவில்லை. இன்றே சொல்லிவிடுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு நோட்டீஸை உடைக்கலாமா என்றும் மனதில் இருக்கும். விளக்கம் கேட்கும் கட்டத்தில் நீதிமன்றம் பெரும்பாலும் தலையிடாது. விசாரிக்காமல் வசூல் உத்தரவு போட்டால் ரிட்டுக்கு வலு உண்டு. ஆனால் ஜெயித்தாலும் கிடைப்பது மறு விசாரணைதான், 38 என்பது 105 ஆகிவிடாது.

அதனால் என் கருத்து: கட்டிவிடுங்கள். கையெழுத்திட்ட நாளில் 105 ஆடும் இருந்ததற்குப் பில்லும் படமும் சரியாக இருந்தால், இரண்டாவது தவணைக் கோரிக்கையைத் திரும்பப் பெறுவதாகவும், முதல் தவணை 5 லட்சத்தைத் தவணைகளில் செலுத்தத் தயார் என்றும், நோய் இழப்பைக் கருதி வட்டியைக் குறைக்கும்படியும் பதிலிலேயே கேளுங்கள். பேச இடம் இருப்பது வட்டியில்தான், அசலில் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். வட்டி எவ்வளவு, எந்த நாளிலிருந்து என்பதற்கு நீங்கள் எழுதிக்கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தைப் பாருங்கள். வங்கிக் கடனைத் தனியாக லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், முடிக்கப் பார்க்கலாம். ஆனால் வங்கியோடு சமரசம் ஆனதால் மானிய நோட்டீஸ் தீர்ந்ததாக ஆகாது, இரண்டு இடத்திலும் தனித்தனியாக எழுத்தில் வாங்க வேண்டும்.

பில்லும் படமும் ஒத்துப்போகவில்லை என்றால் எந்தப் பதிலும் எழுதாமல், முதலில் ஒரு கிரிமினல் வழக்கறிஞரை நேரில் பாருங்கள். 15 நாளில் பாதி போயிருக்கும். கூடுதல் அவகாசம் கேட்டு இரண்டு வரிக் கடிதத்தை நாளைக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.